முரண்புள்ளி நலக்குழு

பொய் பேசாதவர்களிடம் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பொய் பேசுகிறவர்களாக இருந்திருந்தால் எப்படியாவது தப்பித்திருப்பேன். நான் பஸ் ஓட்டுகிறவன். கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிற ஆள் நிஜமான அவசரத்தில் வருகிறாரா, வண்டியை நிற்கவைத்துப் பார்க்கும் ஆசையில் வருகிறாரா என்று பக்கக் கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் உடற்கொழுப்பு மற்றும் வாழ்க்கைமுறை ஆய்வு நிறுவனத்தில் ஒருவர்கூடப் பொய் பேசுவதில்லை. அதை அவர்களே வாசலில் பித்தளை எழுத்தில் பொறித்து, தினமும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள்.

முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் குண்டு. கொஞ்சம் பூசினாற்போல, வாட்டசாட்டமாக என்றெல்லாம் சொல்லி ஊரை ஏமாற்ற வேண்டாம், குண்டுதான். டிப்போவில் எனக்கு 'டபுள் டெக்கர்' என்று பெயர். என் கண்டக்டர் ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும், "அண்ணே, நீங்க இறங்கினாத்தான் வண்டி நிமிருது. எல்லாம் கொழுப்புண்ணே உங்களுக்கு!" என்பான். நானும் சிரிப்பேன், இறங்குகிற பயணிகளும் சிரிப்பார்கள். படுத்தால் தூக்கம், எழுந்தால் பசி. என் உடம்பு எனக்கு ஒரு தொந்தரவும் தந்ததில்லை, நானும் அதைத் தொந்தரவு செய்ததில்லை.

இப்படி நாங்கள் இருவரும் சமாதானமாக இருந்தபோதுதான் புதிய விதி வந்தது. வயிறு இன்ன சுற்றளவைத் தாண்டிய ஓட்டுநர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க, மேற்படி நிறுவனத்தில் தகுதிச் சான்றிதழ் வாங்கி வர வேண்டுமாம். டிப்போவில் பலர் அன்றே சாப்பாட்டைக் குறைத்தார்கள். நான் குறைக்கவில்லை. என் மச்சினன் அங்கேதான் வேலை பார்த்தான்.

மச்சினன் என்பது பேச்சுக்குத்தான். நான் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது, என் மனைவியின் பெட்டியோடு அவளுடைய தம்பியும் வந்தான். அப்பா அம்மா போய்விட்ட பிள்ளை. எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதுதான் இவன் இருக்கிறானே என்று இருந்துவிட்டோம். நான்தான் படிக்கவைத்தேன். நான்தான் சைக்கிள் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவன் படித்த பெரிய படிப்புக்கு அந்த நிறுவனத்தில் கிடைத்த பதவியின் பெயர் 'தற்காலிகப் புள்ளி ஒட்டுநர்'.

அது என்ன வேலை என்றால், நிறுவனத்தின் முன்கூடத்தில் ஒரு பிரம்மாண்டமான வெள்ளைச் சுவர் இருக்கிறது. அதில் இடது மூலையில் தரையிலிருந்து கிளம்பி, வலது மூலையில் கூரையைத் தொடுகிற மாதிரி ஒரு சிவப்புக் கோடு. இயக்குநர் இளைஞராக இருந்தபோது கண்டுபிடித்த கோடு அது. இடமிருந்து வலமாகப் போகப் போக வயிறு பெரிதாகும். கீழிருந்து மேலே போகப் போக நோய் பெரிதாகும். சோதனைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கறுப்புப் புள்ளி. மச்சினன் ஏணியில் ஏறி அதை அதன் இடத்தில் ஒட்டுவான். ஆயிரக்கணக்கான புள்ளிகள் கோட்டை மொய்த்துக்கொண்டிருந்தன. சுவருக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'இங்கே ஒரு புள்ளியும் அழிக்கப்படாது. ஒரு புள்ளியும் நகர்த்தப்படாது.'

"மாமா, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நம்ம ஆபீஸ்தான். வயித்த அளப்பாங்க, ரத்தம் எடுப்பாங்க, சான்றிதழக் கையில குடுத்துருவாங்க" என்றான் மச்சினன்.

வயிற்றை அளப்பது அங்கே ஒரு சடங்கு. ஒரு நர்ஸ் நாடாவைப் பிடித்தாள். ஒருவர் எண்ணைப் படித்தார். அவர் படித்தது சரிதான் என்று இன்னொருவர் படித்தார். நாடா பாதி வழியிலேயே தீர்ந்துபோனது. இரண்டாவது நாடாவை முடிச்சுப் போட்டார்கள். முடிச்சுப் போட்ட நாடா ஒரு அளவா, இரண்டு அளவா என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது.

"மூச்ச முழுசா வெளிய விடுங்க" என்றாள் நர்ஸ்.

"விட்டாச்சும்மா."

"இன்னும் விடுங்க."

"இன்னும் விட்டா செத்துருவேன்."

"சாகக்கூடாது. சாகறவங்களுக்கு வேற பிரிவு."

பிறகு ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்தார்கள். மறுபடி எடுத்தார்கள். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், ரத்த அழுத்தம் எல்லாமே விளையாட்டு வீரனுக்கு இருக்க வேண்டிய அளவில் இருந்தன. இயந்திரம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, சோதித்துப் பார்க்க வாசலில் நின்ற காவலாளியின் ரத்தத்தை எடுத்தார்கள். ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்த அந்த மனிதருக்கு எல்லாமே எகிறியிருந்தது. இயந்திரம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த சந்தோஷத்தில் அவரை ஒரு டாக்டரிடம் அனுப்ப மறந்துவிட்டார்கள். அடுத்த சந்தேகம் என் மேல் வந்தது.

"இது யாரோட ரத்தம்?" என்று கேட்டார் ஓர் அதிகாரி.

"என்னோடதுதான் சார். இப்ப உங்க முன்னாலதானே எடுத்தாங்க?"

"அதெல்லாம் சரி. உங்களுதுதான்னு எப்படி நம்பறது?"

எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் வேறு வழியில்லாமல் என் புள்ளியை ஒட்டச் சொன்னார்கள். அன்றைக்கு மச்சினனுக்கு ஏணி தேவைப்படவில்லை. சுவரின் வலது கோடியில், தரையை ஒட்டி, குந்தி உட்கார்ந்து ஒட்டினான். அந்தப் பக்கத்து மற்ற புள்ளிகளெல்லாம் கூரையருகே கும்மாளமிட, என்னுடையது மட்டும் கீழே குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் தன்னந்தனியாக நின்றது.

"சூப்பர் மாமா! உங்களுக்கு ஒண்ணுமே இல்ல!" என்றான். உண்மையான சந்தோஷத்தில்தான் சொன்னான். அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

சான்றிதழ் மட்டும் வரவில்லை. ஆய்வு முடியும்வரை ஓட்டலாம் என்று தற்காலிகமாக ஒரு சீட்டு தந்தார்கள். அதற்குள் நிறுவனத்தைப் பார்வையிட வெளியூர்ப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். இயக்குநர் கையை வீசி வீசிக் கோட்டை விளக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் இருந்த ஓர் அம்மாள், "அந்த ஒண்ணு மட்டும் ஏன் கீழ இருக்கு?" என்று கேட்டுவிட்டார். இயக்குநர் அன்று மதியம் சாப்பிடவில்லையாம். மறுநாள் என் புள்ளிக்கு முன்னால் ஒரு பூந்தொட்டி வந்தது. மறைப்பது பொய்யா, பொய் இல்லையா என்று நாள் முழுக்கக் கூடிப் பேசி, பொய்தான் என்று முடிவாகி, பூந்தொட்டியை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு நேர்மையானவர்கள். அதன் பிறகுதான் 'முரண்புள்ளி நலக்குழு' என்று ஒன்றை அமைத்து, அதன் முன்னால் என்னை உட்காரவைத்தார்கள்.

இயக்குநர் மெலிந்த மனிதர். எழுதி வைத்துப் படிக்கிற மாதிரியே பேசுவார்.

"ஐயா, உங்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. உங்கள் புள்ளி வழிதவறிய ஒரு குழந்தை. அதை வீட்டுக்கு அழைத்துவருவது எங்கள் கடமை. கோட்டை மாற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கோட்டை மாற்றினால் முப்பது ஆண்டுகளாக நான் ஆற்றிய உரைகளை எல்லாம் மாற்ற வேண்டும். புள்ளியை நகர்த்தலாமே என்கிறார்கள். அது பொய். இந்தக் கட்டடத்துக்குள் பொய் நுழையாது. கோட்டையும் மாற்ற முடியாது, புள்ளியையும் மாற்ற முடியாது என்றால், மிச்சம் இருப்பது நீங்கள்தான்."

"புரியலீங்க சார்."

பக்கத்தில் இருந்த உணவியல் அதிகாரி, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல விளக்கினார். "உங்க உடம்புல இவ்ளோ கொழுப்பு இருக்கு. அது தன் வேலையச் செய்யணும்ல? செய்ய விடாம ஏதோ தடுக்குது. அதுதான் உங்க பழக்கங்க. கடைசி ஸ்டாப்புல வண்டி நிக்கற நேரம் பூரா நீங்க மைதானத்தச் சுத்திச் சுத்தி நடக்கறீங்க. சாயங்காலம் வீட்டம்மாவோட மார்க்கெட்டுக்கு நடந்தே போறீங்க. சாப்பாட்டுல பாதித் தட்டு காய்கறி. படுத்ததும் தூங்கிடறீங்க. வண்டியில பாட்டு வேற. உண்டா இல்லையா?"

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து மார்க்கெட்டுக்கு நடந்து போவதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்களே, விஞ்ஞானம் என்றால் இதுதான் என்று வாயைப் பிளந்துகொண்டு தலையாட்டினேன்.

"இதெல்லாம் மறைப்புப் பழக்கங்கள்" என்றார் இயக்குநர். "கொழுப்பின் உண்மை முகத்தை இவை மறைக்கின்றன. ஒவ்வொன்றாக நீக்கினால் உண்மை தானாக வெளியே வரும். அறிவியலுக்காக இந்தச் சிறிய உதவியைச் செய்வீர்களா?"

நான் மச்சினனைப் பார்த்தேன். கதவோரம் நின்றிருந்தவன் கண்ணை மூடித் திறந்து, 'சரின்னு சொல்லுங்க' என்று ஜாடை காட்டினான். நம்ம பிள்ளை கெட்டதையா சொல்வான்? சரி என்றேன்.

முதலில் என் நடையைப் பிடுங்கினார்கள். காலையில் வீட்டு வாசலிலிருந்து டிப்போவுக்கு நிறுவனத்தின் வேன். டிப்போவிலிருந்து வீட்டுக்கும் அதே வேன். கூடவே மச்சினன் வருவான், நான் எங்காவது இறங்கி நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள. என்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது என்று தெருவில் முதலில் பேசிக்கொண்டார்கள். பிறகு கொழுப்பு ஆபீஸ் வேன் என்று தெரிந்ததும், "கொடுத்து வெச்ச மனுஷன்" என்றார்கள். கடைசி நிறுத்தத்தில் எனக்காக ஒரு சாய்வு நாற்காலி போட்டு, அதில் நான் சாய்ந்திருக்கிறேனா என்று பார்க்க ஓர் ஆளையும் போட்டார்கள்.

அடுத்து தூக்கம். மார்பில் ஒரு கருவியைக் கட்டிவிட்டார்கள். நான் அயர்ந்ததும் அது, 'தூங்கிவிட்டீர்களா?' என்று கேட்கும். ஆமாம் என்று பதில் சொன்னால்தான் அடங்கும். பிறகு சாப்பாடு. என் மனைவி சமைத்ததை நிறுத்திவிட்டு, சாம்பல் நிறத்தில் செங்கல் மாதிரி ஒரு மாவுக்கட்டியை அனுப்பினார்கள். பெயர் சீருணவு. அதில் எல்லாம் இருந்தது, ருசியைத் தவிர. தொட்டுக்கொள்ள இனிப்புப் பாகு ஒரு பாட்டில்.

"இதச் சாப்பிடற மனுஷன் உருப்படுவானா?" என்று அவள் மாவுக்கட்டியைச் சுவரில் தட்டிப் பார்த்தாள். சுவரில் காரை உதிர்ந்தது.

"அக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாது. பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க உக்காந்து கணக்குப் போட்டது. மாமாவுக்குச் சான்றிதழ் வேணுமா, வேணாமா?" என்றான் மச்சினன். அவள் என்னைப் பார்த்தாள். நான் பாகு பாட்டிலைத் திறந்தேன்.

கடைசியில் கண்டக்டரையும் விடவில்லை. வண்டியில் சிரிப்புமூட்டும் பேச்சு கூடாது, பாட்டு கூடாது என்று அவனுக்கு உத்தரவு போனது. அரசாங்க முத்திரையைப் பார்த்துப் பயந்துபோனவன், அடுத்த நாளிலிருந்து நிறுத்தங்களின் பெயரைச் சாவுச் செய்தி வாசிப்பதுபோல வாசித்தான். "மருத்துவமனை... இறங்குபவர்கள்... இறங்கிக்கொள்ளலாம்..." என்று அவன் சொன்ன தினுசில் ஒரு பாட்டி அழுதேவிட்டார்.

மாதாமாதம் சோதனை நடந்தது. இப்போது முன்வாசல் வழியாக விடமாட்டார்கள், பின்வாசல்தான். தன் புள்ளியைத் தானே பார்ப்பது ஆய்வுக்கு ஆகாதாம். முடிவையும் சொல்ல மாட்டார்கள், மனம் குறுக்கிடுமாம். ஆனால் ஒன்று செய்தார்கள். ரத்த முடிவு வந்ததும் அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள்.

முதல் தடவை லேசாகத் தட்டினார்கள். அடுத்த மாதம் பலமாக. அதற்கடுத்த மாதம் இயக்குநரே ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மகத்தான முன்னேற்றம் ஐயா! இப்படியே இருங்கள்!" நான் கூச்சத்தோடு கும்பிட்டேன். வாழ்க்கையில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. பஸ்ஸை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவனுக்கு யார் கைதட்டுகிறார்கள்? வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ரொம்ப நேரம் தட்டினாங்க" என்று மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் அரை மனதாக ஒரு சந்தோஷம்.

"தட்டறாங்கன்னா நல்லதுதானே?" என்று தம்பியைக் கேட்டாள்.

"பின்னே?" என்றான் அவன்.

ஆனால் எனக்குத் தண்ணீர் தாகம் எடுக்கத் தொடங்கியது. குடிக்கக் குடிக்கத் தீராத தாகம். வண்டியில் ஏறும் படி உயர்ந்துவிட்டதுபோல் இருந்தது. முன்னால் போகிற பஸ்ஸின் எண் பூச்சி பூச்சியாகத் தெரிந்தது. ஒரு சாயங்காலம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் காத்திருந்த நிறுத்தத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டேன். நானா, தாண்டிப் போனேன்! கண்டக்டர் உத்தரவை மறந்து, "அண்ணே!" என்று கத்தினான். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் டிப்போ டாக்டர் வழக்கமான பரிசோதனைக்குக் கூப்பிட்டார். பழைய மனிதர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். முடிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளா சர்க்கரை?"

"காபிக்கெல்லாம் போடறதில்ல சார். பாகு மட்டும்தான், அதுவும் அவங்க குடுக்கறது."

"யோவ், ரத்தத்துல இருக்கற சர்க்கரையக் கேக்கறேன். அழுத்தம் வேற ஏறிக்கெடக்கு. போன வருஷம் தங்கம் மாதிரி இருந்தியேய்யா, என்ன பண்ணித் தொலச்ச?"

"இல்ல சார், நல்ல முன்னேற்றம்னு சொன்னாங்களே. மாசாமாசம் கைதட்டறாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு கையை நீட்டினார். வண்டிச் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

"நட. காயத் தின்னு. மாத்திரை எழுதறேன், விடாமப் போடு. ஒழுங்காத் தூங்கு. சில மாசம் கழிச்சு வா. இறங்கியிருந்தா இதே சாவியத் தரேன். இறங்கலேன்னா, என்னைத் திட்டாத."

அன்றே மச்சினனிடம் சொன்னேன். அவன் அதிர்ச்சி அடைந்தமாதிரி தெரியவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டே, "வர்ற வாரம் விழா இருக்கு மாமா. அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க, மாத்திரையும் வேணாம். விழா முடிஞ்சதும் இயக்குநர்கிட்ட நானே பேசறேன். சான்றிதழும் அன்னிக்குத்தான்" என்றான். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நானும் இருந்துவிட்டேன். அவன் பேச்சை நான் தட்டியதே இல்லை.

விழாவுக்கு மனைவியையும் அழைத்துப் போனேன். அன்றைக்கு முன்வாசல் வழியாகவே விட்டார்கள். முன்கூடம் முழுக்க நாற்காலிகள், மாலைகள், ஒலிபெருக்கி. பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சுவரைப் பார்த்தேன். குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் என் பழைய புள்ளி அப்படியே இருந்தது. யாரும் அதை அழிக்கவில்லை, நகர்த்தவில்லை. அதற்கு நேர் மேலே இன்னொரு புள்ளி, அதற்கு மேலே இன்னொன்று என்று எறும்பு வரிசை மாதிரி ஒரு வரிசை, சிவப்புக் கோட்டை நோக்கிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. கீழிருந்து மேலே போனால் நோய் பெரிதாகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் மச்சினன். அவன்தான் ஏணியின் உச்சியில், கையில் கடைசிப் புள்ளியோடு, புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றான்.

"அதெல்லாம் நீங்களா?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இயக்குநர் பேசினார். "நம் எதிரிகள் சொன்னார்கள், 'இதோ ஒரு பருத்த மனிதர் ஆரோக்கியமாக இருக்கிறார், உங்கள் கோடு பொய்' என்று. நாம் பதறவில்லை. எண்களைத் திருத்தவில்லை. பொறுமையாக, அன்பாக, நேர்மையாக, இவர் நோயாளியாகும்வரை காத்திருந்தோம். காத்திருந்தோம் என்பதுகூட அடக்கம் கருதிச் சொல்வது. நம் பங்கும் இருக்கிறது. இன்று இவருடைய சர்க்கரை, இவருடைய அழுத்தம், இவருடைய கல்லீரல், அனைத்தும் கோடு சொன்ன இடத்தில், கோடு சொன்னபடி! நோய் உண்மையானதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், வந்து சோதித்துப் பாருங்கள், நூற்றுக்கு நூறு அசல்!"

மச்சினன் கடைசிப் புள்ளியைக் கோட்டின் மேல் ஒட்டினான். கூடமே எழுந்து கைதட்டியது.

"இந்த வெற்றிக்கு உரியவர் அதோ ஏணியில் நிற்பவர்" என்று தொடர்ந்தார் இயக்குநர். "இந்த ஐயாவின் நல்ல பழக்கங்கள் ஒவ்வொன்றையும் எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் அவரே. வெளியாளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். அவரை இன்று முதல் நிரந்தர முரண்புள்ளி நல அலுவலராக நியமிக்கிறேன்!"

ஒரு சொட்டு ரத்தத்தில் என் மார்க்கெட் நடை எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுதுவிட்டேன். இயக்குநர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். மேடைக்கு ஏற்றி, மாலை போட்டு, சான்றிதழை நீட்டினார்கள். 'இவர் கோட்டின் மேல் இருக்கிறார் எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று அழகான எழுத்தில் இருந்தது.

"சார், எனக்கு வண்டி போயிடுச்சு" என்றேன். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. "உங்க ஆராய்ச்சி முடிஞ்சிருச்சில்ல? இப்பவாவது என்னைப் பழையபடி ஆக்கி விடுங்க."

இயக்குநர் என் தோளில் கைபோட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்ன கள்ளமில்லாத மனம் பாருங்கள்! ஐயா, குணப்படுத்துவது எங்கள் துறை அல்ல. அதைவிட முக்கியம், நீங்கள் குணமானால் உங்கள் புள்ளி மறுபடி கீழே விழுந்துவிடும். அப்போது பொய் சொல்வதா, கோட்டை மாற்றுவதா என்ற தர்மசங்கடத்துக்கு எங்களை ஆளாக்குவீர்கள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர் அல்ல. தயவுசெய்து இப்படியே இருங்கள். வேன் தொடர்ந்து வரும், சீருணவும் தொடர்ந்து வரும், ஆயுள் முழுக்க, இலவசமாக!"

மறுபடி கைதட்டல்.

வீட்டுக்கு வந்ததும் மார்பில் இருந்த கருவியைக் கழற்றினேன். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பிரித்து முதல் மாத்திரையை விழுங்கினேன். மனைவி மாவுக்கட்டிகளை எடுத்துக் குப்பையில் போட்டாள். அப்போது மச்சினன் வந்தான். கழுத்தில் புதிய அடையாள அட்டை.

"மாமா, கோவமா இருப்பீங்கன்னு தெரியும். எனக்கு வேற வழி இல்ல. எத்தன வருஷம் தற்காலிகமாவே ஏணியில ஏறி இறங்கறது? நிரந்தரமாச்சுன்னா உங்களுக்கும் நல்லதுதானேன்னு நெனச்சேன். நீங்க கஷ்டப்பட்டா நான் பாத்துக்க மாட்டேனா?" என்றான். கண் சிவந்திருந்தது. அழுதும் இருப்பான்போல.

மனைவி அவன் எதிரே போய் நின்றாள். அவனைத் தூக்கி வளர்த்தவள்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன், நெஜத்தச் சொல்லு. மாசாமாசம் இவருக்கு நோவு ஏறினப்ப எல்லாரும் கைதட்டினாங்களாமே. நீயும் தட்டினியா?"

அவன் தரையைப் பார்த்தான். அவனும் அந்த நிறுவனத்து ஆள்தானே, பொய் சொல்ல வராது.

"எல்லாரும் தட்டும்போது நான் மட்டும் எப்படிக்கா சும்மா நிக்க முடியும்?" என்றான்.

அவள் உள்ளே போய் மார்க்கெட் பையை எடுத்துக்கொண்டு வந்து, "வாங்க, போலாம்" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவனைத் தாண்டி இறங்கினேன். முதல் சில அடிகள் கால் இழுத்துக்கொண்டது. பல மாதம் நடக்காத கால். அவள் என் வேகத்துக்கு மெதுவாக நடந்தாள்.

தெருமுனைவரை வந்திருப்போம், பின்னால் செருப்புச் சத்தம். "மாமா! நடக்காதீங்க மாமா!" என்று அவன் மூச்சு வாங்க ஓடிவந்தான். முன்னால் வந்து கையை விரித்து வழியை மறித்தான். "வேன் இங்கேயே வரச் சொல்றேன். ஏறிக்கோங்க. உங்க கால்ல வேணா விழறேன். புள்ளி எறங்கிடுச்சுன்னா என்னை உடனே தூக்கிடுவாங்க மாமா. தயவுசெஞ்சு நடக்காதீங்க!"

நிஜமாகவே குனிந்து என் காலைப் பிடித்தான். அவன் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு, என் உடம்புக்காக இதில் ஒரு பங்கு பதறியிருந்தானானால் நான் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். காலை விடுவித்துக்கொண்டு அவனைச் சுற்றி நடந்தேன்.

முடிதிருத்தும் கடை வாசலில் நின்றிருந்த கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"உடம்பு முடியாதவர் நடந்து கஷ்டப்படக் கூடாதுன்னு எப்படித் துடிக்கறான் பாருங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு மச்சினன் யாருக்குக் கெடைப்பான்?" என்றார்.

"ஆமாங்க, யாருக்கும் கெடைக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தேன்.